புரியாத வரைக்கும் நிம்மதி

பாலிசி புரியாமல் இருந்த காலத்தில் வாழ்க்கை சுகமாக இருந்தது. வக்கீல் இங்கிலீஷில் பொடி எழுத்துப் பக்கங்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். கிளெய்ம் வராவிட்டால், "அவன் எழுதினது எவனுக்குப் புரியுது?" என்று கம்பெனியைத் திட்டலாம். சொந்தபந்தம் மொத்தமும் நம் கட்சி.

அதில் மண்ணைப் போட்டது காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மருத்துவக் காப்பீட்டின் சாரத்தை எளிய சொற்களில் தகவல் தாளாகத் தரவேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தரவேண்டும், பெற்றுக்கொண்டதற்கு நம்மிடம் ஒப்புதல் வாங்கவேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் விதி. அந்த ஒப்புதலில்தான் சூட்சுமம். இனி 'புரியலை' என்று வாய் திறக்க முடியாது.

தமிழ்த் தாள் வந்தது. மனைவிக்கு உரக்கப் படித்தேன்.

"24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில படுத்திருக்கணுமாம்."

"அதுக்குள்ள சரியாயிட்டா?"

"கண்புரை மாதிரி டே-கேர் சிகிச்சைன்னா பரவாயில்லை. மத்ததுல சரியாகாமப் பார்த்துக்கணும்."

அடுத்தது அறை வாடகை. எங்கள் பாலிசி 3 லட்சம். நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரை அறை. ஆசைப்பட்டு 6,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் பாதியோடு போகாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். மருந்து, பரிசோதனை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்த வெட்டு இல்லை.

"ரூமைப் பார்த்தா டாக்டர் ஃபீஸ் வாங்குறார்?" என்றாள். நியாயமான கேள்வி. பல ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான். அறைக்கேற்பக் கட்டணம் மாறாத இடத்தில் இப்படி வெட்டக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகிறவன் வாசலில் நின்று அதை விசாரிக்கவேண்டும்.

எனக்குச் சர்க்கரை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 48 மாதமாக இருந்ததை, 2024இல் 36 ஆக்கியிருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கும்படி சர்க்கரையிடம் யார் சொல்வது என்பது தாளில் இல்லை.

மறுநாள் ஏஜென்ட் வந்தார். "இந்த இடத்துல ஒரு கையெழுத்து சார், அவ்வளவுதான்."

"படிச்சேன். நாலு சந்தேகம் இருக்கு."

மனிதர் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீசில் யாரும் அவரிடம் இப்படி நடந்துகொண்டதில்லை போலும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார்.

"இது என் வீட்டு பாலிசி சார். இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லிடுங்களேன்."