கட்டைவிரல் மீட்டர்

அந்தமானில் எங்கள் ஷாதிபூர் டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்துகிறவர் பூட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லை. திருடன் வரமாட்டான், அண்ணாச்சி வருவார். நீங்கள் உளுந்து வடையை இரண்டாகப் பிட்டு நிமிர்வதற்குள், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி கண்ணை மூடியிருப்பார். அப்புறம் ஒரு ‘புஸ்ஸ்’.

"யாருப்பா இம்புட்டுக் காத்து அடிச்சது? மழைக்காலம்ல!"

இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு மே முதல் டிசம்பர் வரை கொட்டுகின்றன. அதனால் அண்ணாச்சிக்கு லீவே கிடையாது.

காத்து அண்ணாச்சிகள் எல்லா ஊரிலும் உண்டு. சைக்கிள் கடை வைத்திருக்கக் கூடாது என்பது முதல் தகுதி. கடைக்காரர் கேட்டால்தான் சொல்வார். இவர் கேட்காமலே சொல்வார். வலது கட்டைவிரலில் நிரந்தரமாக ரப்பர்க் கறுப்பு. தமிழருக்குத் தமிழில், மற்றவர்க்கு "ஹவா கம் கரோ பாய்". டயரின் பக்கவாட்டில் எத்தனை பிஎஸ்ஐ என்று அச்சடித்திருக்கிறதே என்று காட்டினால், "எழுதினவன் நம்ம ஏத்தத்தைப் பார்த்திருக்கானா?" 2019இல் நிகோபார்ப் பையன் ஈசோ ஆல்பன் ஜூனியர் உலகப் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வாங்கியபோது ஊரே குதித்தது. அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு வருத்தம்: டிராக் டயரில் நூறுக்கு மேல் அடிக்கிறார்களாமே!

அவருடைய அக்கா மகன் கனடாவில் எட்மன்டனுக்குப் படிக்கப் போனான். ஜனவரியில் ஒருநாள் போன். டீக்கடை முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கர்.

"மாமா, காலேஜுக்குச் சைக்கிள்ல போறேன். பனியில வழுக்குது."

ஜங்கிலிகாட்டில் மீன்பெட்டியில் கொட்டும் ஐஸ்தான் மாமா கண்ட பனி. ஆனாலும் குரலில் தயக்கமே இல்லை.

"எவ்வளவு வச்சிருக்க?"

"அறுபது."

"பாதியாக்கு."

என்ன செய்ய, அவர் சொன்னது பெரும்பாலும் சரி. புதுப் பனி நம்ம ஊர்ச் சேறு மாதிரி. காற்று குறைந்தால் டயர் அகன்று படியும். உள்ளே புதையாமல் மேலோடு போகும். நாலு அங்குல அகலத்தில் இதற்கென்றே டயர் இருக்கிறது; அதில் பத்துக்கும் கீழே வைத்து ஓட்டுகிறார்கள். ஒல்லி டயரில் அந்த விளையாட்டு ஆகாது. கல்லில் ஏறினால் ரிம் டியூபைக் கடித்து, பாம்பு கொத்தினாற்போல இரண்டு ஓட்டை போட்டுவிடும். இன்னொன்று, வீட்டுக்குள் 20 டிகிரியில் அறுபது அடித்துவிட்டு வெளியே மைனஸ் 20க்குப் போனால், யாரும் தொடாமலே சுமார் பத்து பிஎஸ்ஐ இறங்கிவிடும். அந்த ஊரில் குளிரே அண்ணாச்சி உத்தியோகத்தைப் பார்க்கிறது.

"மாமா, பனி பரவாயில்ல. அது உருகித் திரும்ப உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடுது. அதுலதான் விழறேன்."

அண்ணாச்சி பேசவில்லை. கடைக்காரர் பாலாற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். போன ஜூலையில் அண்ணாச்சி தன் வீட்டுச் சிமென்ட் சரிவிலேயே, தானே அமுக்கிப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்த டயரோடு, சறுக்கி விழுந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டு அவிழ்க்கப் பதினைந்து நாள் ஆனது.

"அது பாசிடா," என்றார் மெதுவாக. "பாசிக்குக் காத்து கேக்காது. இறங்கித் தள்ளு."

பையன் தள்ளவில்லை, புது டயர் வாங்கினான். ரப்பரில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோக ஆணி பதித்த டயர். உறைந்த தரைக்கு அதுதான் மருந்தாம். ஆயுசு முழுக்க டயரில் ஆணி ஏறாமல் ஊரைக் காத்த மனிதருக்கு இது பேரிடி. "காசு குடுத்து ஆணியா?" என்று மூன்று பேரிடம் கேட்டார்.

மறுவாரம் போட்டோ வந்தது. வெள்ளைவெளேரென்ற தெருவில் சைக்கிள். போனைக் கையில் வாங்கியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் தெரிந்த பின்சக்கரத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடி, அமுக்கினார்.

"இன்னும் ரெண்டு பாயின்ட் போகணும்."