ஒல்லாந்தர் கட்டிய தாஜ்மகால்

1658 ஜூன், கோட்டைகளுக்குச் சனி பிடித்த மாதம். ஆக்ராவில் ஔரங்கசீப் யமுனைத் தண்ணீரை மறித்து, பெற்ற தகப்பன் ஷாஜகானைக் கோட்டைக்குள்ளேயே பூட்டிவைத்தான். அதே மாதம் யாழ்ப்பாணத்தில், மூன்றரை மாத முற்றுகையில் காய்ந்துபோன போர்த்துக்கேயர் கதவைத் திறந்து ஒல்லாந்தரிடம் சரணடைந்தார்கள். (ஷாஜகான் நல்லூருக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். யாழ்ப்பாண அரசன் சிங்கைப் பரராசசேகரன் காவடியில் யமுனைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினானாம்; அந்த யமுனா ஏரி ‘ப’ வடிவில் இங்கே சும்மாதான் கிடந்தது.)

ஷாஜகானுக்காவது எட்டிப்பார்க்க மனைவியின் கல்லறை இருந்தது, அதுவும் வெண்சலவைக்கல்லில். எங்கள் ஒல்லாந்தருக்கு வாய்த்தது முருகைக்கல். அதை வைத்தே போர்த்துக்கேயரின் சதுரக் கோட்டையை ஐங்கோணமாக்கினார்கள். உள்ளே 1706இல் ஒரு தேவாலயம்: சிலுவை வடிவம், நான்கு கையும் ஒரே நீளம். துரைமாரும் துரைசானிமாரும் அதன் தரைக்குக் கீழே; மேலே எழுத்து வெட்டிய பெரிய பெரிய கற்கள். பிரசங்கம் கேட்க வந்தவர் யாரோ ஒரு துரையின் நெஞ்சுக்கு மேல் கதிரை போட்டுத்தான் இருக்கவேண்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது அவர் விட்டிருப்பாரா?

தேவாலய மணிதான் பெரிய பகிடி. அற்புதங்களின் மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறித்த கத்தோலிக்க மணி அது. மாதாவைக் கும்பிடுவது விக்கிரக ஆராதனை என்றவர்களுக்கு, அவளின் மணியை அடிக்க மட்டும் கை கூசவில்லை. போர்த்துக்கேயரும் முறைப்பாடு சொல்ல முடியாது: 1621இல் அவர்கள் நல்லூர்க் கோயிலை இடித்த கல்லும் கோட்டைச் சுவரில் கிடக்கிறது என்பது ஊரறிந்த கதை.

கோட்டையைப் பிடித்து 134 வருசம் கழித்து, 1792இல்தான் வெளி அரண் வேலை முடிந்தது. தாஜ்மகாலுக்கே இருபது வருசம் சொச்சம்தான் பிடித்தது. சரி, ஆறுதலாகக் கட்டினாலும் வடிவாகக் கட்டினார்கள். ஆசியாவிலேயே இதுபோல ஒன்றைக் காண்பது அரிது. மூன்றே வருசம். 1795 செப்டம்பரில் ஆங்கிலேயர் வந்து நின்றார்கள். கோட்டையில் இருந்து ஒரு வெடி கேட்கவில்லை. திறப்புக் கைமாறியது, அவ்வளவுதான்.

கட்டிய காரியத்தைக் கோட்டை உண்மையில் பார்த்தது 1990இல். உள்ளே இராணுவம், வெளியே புலிகள், திரும்பவும் மூன்றரை மாத முற்றுகை. அந்தப் போரில் தேவாலயம் கற்குவியலானது. போர் முடிந்தபின் நடந்த திருத்த வேலைக்கு நெதர்லாந்து அரசும் காசு கொடுத்தது. இந்தக் கோட்டையைப் பிடித்தவர் பலர். இரண்டு தரம் காசு கட்டியவர்கள் ஒல்லாந்தர் மட்டும்தான்.