தேய்ந்த இஞ்சினை நானே பிரிக்கலாமா?

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் நீலப்புகை விடுகிறது. இஞ்சினை நானே பிரித்துப் புதுப்பிக்கலாமா? (வாசகர் ஒருவர், பேராதனை)

பதில்: கடுகண்ணாவைக் கணவாய் உமக்கு அண்மையிலேயே ஒரு பரீட்சை மண்டபமாக அமைந்திருக்கையில், என்னைக் கேட்குமுன் அதனைக் கேளும். ஏறும்போது இடைவிடாது புகைந்தால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்தன என்றும், கியரிலேயே இறங்கி முடித்து அக்ஸிலரேட்டரை மீண்டும் மிதித்த கணத்தில் மாத்திரம் குபீரென்று புகைந்தால் வால்வ் கைடுகளே தேய்ந்தன என்றும் பெரும்பாலும் அநுமானிக்கலாம். பின்னதாயின், ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். முன்னதாயினும் அஞ்சற்க: 1798 சி.சி. கொண்ட அந்த நான்கு சிலிண்டர் இஞ்சின், பிரிப்பவரிடம் இரகசியம் எதுவும் வைத்துக்கொள்ளாத சாது ஜன்மம். ஆயினும், கிராங்க் தண்டை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் அளந்து கடைவதும், சிலிண்டரைக் குடைந்து செப்பனிடுவதும் லேத் பட்டறைக்கே உரிய வித்தை. கழற்றுவதும், கழுவுவதும், ஒவ்வொரு பேரிங் மூடியும் எவ்விடத்தில் எத்திசை நோக்கி இருந்ததென்று குறித்து வைப்பதும், டார்க் ரெஞ்சால் அளவறிந்து பூட்டுவதும் உமது பாகம். அந்தப் பாக்கியத்தை எவருக்கும் விட்டுக்கொடாதீர். பூட்டி முடித்தபின் ஒரு நட்டு மிஞ்சினால் மட்டும், அதனை இலாபமென்று கருதாமல், மறுபடியும் பிரியும்.