40 பவுண்டுக்கு இன்னும் எவ்வளவு நெய்?

எங்கள் வீட்டில் திசையை லேசாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது. கிழக்கு பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சூலம் பார்க்காமல் கிளம்பிப் போய்க் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவர்களின் பட்டியல் அம்மாவிடம் மூன்று தலைமுறைக்கு இருக்கிறது. அப்பேர்ப்பட்ட அம்மா மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கி, கார் கதவைத் திறந்து பார்த்தால், பேரன் கார் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“என்னப்பா இது, தப்புப் பண்ணின பயலை வாத்தியார் சுவத்தைப் பார்த்து நிக்க வைக்கிற மாதிரி?” என்றாள் அம்மா.

பையனுக்கு அப்போது 2 வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சிக்கலே அதுதான். 2 வயது ஆகாதவன் என்றால் சட்டத்தைக் காட்டித் தப்பித்திருக்கலாம். கலிஃபோர்னியாவில் 2017 ஜனவரியிலிருந்து, 2 வயது நிரம்பாத குழந்தை காரில் பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். எடை 40 பவுண்டோ உயரம் 40 இன்ச்சோ எட்டியிருந்தால் விலக்கு உண்டு. (2 வயதுக்குள் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, எட்டுகிற குழந்தையை நான் பார்த்ததில்லை. சட்டம் எழுதியவர் வீட்டில் பீமன் பிறந்திருக்கலாம்.) இரண்டாவது பிறந்தநாள் கேக்கை வெட்டியதும் போலீஸ்காரர் ஒதுங்கிக்கொள்கிறார். அதன் பிறகு திருப்புவதா வேண்டாமா என்பது பெற்றவர்கள் பாடு. அதாவது பெற்றவர்களைப் பெற்றவர்கள் பாடு.

டாக்டர்கள் சொல்வதை எடுத்துச் சொன்னேன். ஒரு காலத்தில் 1 வயதும் 20 பவுண்டும் ஆகிவிட்டால் திருப்பலாம் என்றிருந்தார்கள். 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி அதை 2 வயது வரை என்று நீட்டியது. 2018இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். சீட் தயாரித்தவர் குறித்திருக்கும் எடையோ உயரமோ எதையாவது குழந்தை எட்டும்வரை, முடிந்த மட்டும் பின்னோக்கியே இருக்கட்டும் என்பதுதான் இப்போதைய பேச்சு.

“2011, 2018. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை பேச்சை மாத்துறாங்களா? சனியே ஏழரை வருஷம் நிலையா இருக்கும்” என்றாள் அம்மா.

பேசாமல் குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறேனே என்பது அம்மாவின் அடுத்த யோசனை. அதற்கும் என்னிடம் சரித்திரம் இருந்தது. அமெரிக்காவில் முதன்முதலாகக் குழந்தைகளுக்குக் கார் சீட்டைக் கட்டாயமாக்கிய மாநிலம் டென்னசி. சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் துரத்தித் துரத்தி வாங்கிய சட்டம் அது. ஆனால் ஓட்டுக் கேட்டு ஊருக்குப் போக வேண்டியவர்கள் அல்லவா, அம்மாவின் கையில் குழந்தை இருந்தால் சீட் வேண்டாம் என்று ஒரு விலக்கையும் செருகிவிட்டார்கள். மோதுகிற வேகத்தில் 10 கிலோ குழந்தையின் கனம் பல மடங்காகிவிடும், பயில்வானாலும் பிடித்து நிறுத்த முடியாது, போதாக்குறைக்குப் பிடித்திருப்பவரின் உடம்பே வந்து குழந்தையை நசுக்கும். சாண்டர்ஸ் மறுபடியும் போராடி 1981இல் அந்த விலக்கை எடுக்க வைத்தார். “பெத்தவ கையை நம்பாத ஊரு” என்று சொல்லிவிட்டு, அம்மா தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அதுவும் நான் கேட்டுக்கொண்ட பிறகு.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் வளர்ந்தது அப்பாவின் டிவிஎஸ் 50இல், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றபடி. காற்றும் பூச்சியும் முதலில் என்மேல் பட்டுத்தான் அப்பாவிடம் போகும். இப்போது நம்மூரிலும் சட்டம் வந்துவிட்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பிரிவு 194பி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம். இதை நான் சொன்னபோது அம்மா பதிலே சொல்லவில்லை, சிரித்தாள்.

பின்னோக்கி உட்காருவதன் பலனை அம்மாவுக்குப் புரியவைக்க நான் வரைந்த படம் இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலை. நமக்கு எட்டில் ஒரு பங்குதான். சின்னப் பிள்ளையின் கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவில்லை, பாதி குருத்து. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் நேருக்கு நேர் மோதினால், பட்டை தோளைப் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஆளில்லை. அந்தப் பெரிய தலை முன்னால் பாய, இழுபடுவது அந்தச் சின்னக் கழுத்து. பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சீட்டின் ஓட்டிலேயே ஒன்றாகப் பதியும், அதிர்ச்சி முதுகு முழுக்கப் பரவிப்போகும். 1960களில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற ஸ்வீடன்காரருக்கு இது தோன்றியதே ஜெமினி விண்கலத்தைப் பார்த்துத்தான். ராக்கெட் சீறும்போது விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில்தானே இருப்பார்கள். ஸ்வீடனில் 4 வயது வரை பிள்ளைகள் பின்னோக்கியே போகிறார்கள்.

அம்மா படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். “அவங்க நிலாவுக்குப் போறாங்க. நாம கத்திரிக்காய் வாங்கத்தானே போறோம்?”

ஜெமினி நிலாவுக்குப் போகவில்லை, பூமியைத்தான் சுற்றியது என்று திருத்தினேன். இந்த மாதிரித் திருத்தங்களால் எங்கள் வீட்டில் யாரும் இதுவரை ஜெயித்ததில்லை.

அடுத்தது கால். “பாவம், கால் நீட்ட இடமில்லை, மரத்துப் போயிரும்” என்று ஆரம்பித்தாள். பையனோ சம்மணம் போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். தலைமுறை தலைமுறையாகத் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்த குடும்பம், ஒரு பிள்ளை கார் சீட்டில் சம்மணம் போட்டால் மட்டும் ரத்த ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது. விபத்தில் கால் அடிபடுவது முன்னோக்கி உட்காருகிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம். கால் வீசிப்போய் முன்சீட்டின் முதுகில் இடிக்கும். மேலும், சின்ன வயதில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போன கதையை அம்மாவே பல தடவை சொல்லியிருக்கிறாள். வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற இடத்துக்குத்தான் அண்ணன் தம்பிகளோடு அடிதடியாம். “அது மட்டும் எந்தத் திசையாம்?” என்று மடக்கினேன்.

“மாட்டுக்குக் கண்ணு இருக்கு. போய் மோதாது.”

சரி, அம்மா மட்டும்தானா என்றால், இல்லை. இந்த விவகாரத்தில் எல்லோரும் குழந்தைக்காகத்தான் பேசினார்கள், பேசியது அவரவர் வசதியை. அம்மாவுக்கு முன்சீட்டிலிருந்து திரும்பினால் பேரன் முகம் தெரிய வேண்டும். என் மனைவிக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் வாயில் என்ன போகிறது என்று தெரிய வேண்டும்; தலைச்சாய்ப்பில் மாட்டிய கண்ணாடியில் அவன் நெற்றி மட்டும்தான் தெரியும். எனக்கு முழங்கால் பிரச்சினை. பின்னோக்கிய சீட் சாய்ந்து நிற்க இடம் கேட்கும், ஆகவே என் சீட்டை முன்னால் தள்ளியாக வேண்டும். எங்கள் காரில் என் முட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஓர் அப்பளத்தைத்தான் நுழைக்கலாம், அதுவும் பொரிக்காத அப்பளம். டாலஸில் இருக்கும் மச்சானுக்கோ கௌரவம். டெக்சஸ் சட்டத்தில் 2 வயதுக் கணக்கெல்லாம் இல்லை என்பதால், மகளை முதல் பிறந்தநாளன்றே திருப்பி, போட்டோ எடுத்து, ‘பிரமோஷன்’ என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டவர் அவர்.

அவர்தான் ஒருநாள் வெற்றிக் களிப்போடு செய்தி அனுப்பினார். பின்னோக்கி உட்கார்வது 5 மடங்கு பாதுகாப்பு என்று ஊரெல்லாம் சொல்வதற்கு ஆதாரமான 2007ஆம் ஆண்டு ஆய்வை 2018இல் திரும்பப் பெற்றுவிட்டார்களாம். உண்மைதான். மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த எண் வரவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு அடிபட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “ஆய்வைத்தானே வாபஸ் வாங்கியிருக்காங்க. கழுத்தை வாங்கலையே? அண்ணன்கிட்ட சொல்லுங்க.” சொன்னேன். மச்சான் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பினார். அதற்கு ஆயிரம் அர்த்தம்.

இத்தனைக்கும் நடுவில், அம்மா ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். எடை.

“எவ்வளவு ஆகணும்?”

“40 பவுண்டு. எங்க சீட்டுக்கு அதான் கணக்கு.”

“இப்ப எவ்வளவு?”

“28.”

“12 பவுண்டுன்னா கிலோவுல?”

“அஞ்சரை.”

“அவ்வளவுதானே?” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

அன்றிலிருந்து பருப்புச் சாதத்தில் நெய் மிதக்க ஆரம்பித்தது. காலையில் கேழ்வரகுக் கூழ், பதினோரு மணிக்கு நேந்திரம்பழம், சாயங்காலம் நல்லெண்ணெய் ஊற்றிக் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. உளுந்தங்களி எதற்கம்மா, அது பெண்பிள்ளைகளுக்கு இடுப்பு பலத்துக்குத் தருவதாயிற்றே என்றால், “களியில எடை ஆணுக்கு வேற பொண்ணுக்கு வேறயா?” 2 வயதுக்கு மேல் கொழுப்பு குறைத்த பால் போதும் என்று சொன்ன டாக்டரை அம்மா கடைசிவரை மன்னிக்கவே இல்லை. குளியலறை எடைமெஷின் ஹாலுக்குக் குடிவந்தது. பையனுக்கு அது பிரமாதமான விளையாட்டு. ஏறுவான், இறங்குவான், கரடி பொம்மையோடு ஏறுவான். கரடியோடு நின்ற அன்று அம்மா முகத்தில் ஒரு சந்தோஷம்.

ஆனால் அந்த வயதில் ஒரு குழந்தை வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். விமான நிலைய அதிகாரி அம்மாவுக்குக் குத்திக்கொடுத்ததோ 6 மாதம். நெய்யின் பெரும்பகுதி சாதத்தோடு தட்டில் தங்கியது. அதைச் சாப்பிட்டவன் நான். எடை கூடியவனும் நான்தான்.

உயரக் கணக்கு ஒன்றும் உண்டு என்பது அம்மாவுக்கு உறைத்தது கிளம்புகிற மாதத்தில். உச்சந்தலைக்கும் சீட்டின் மேல்விளிம்புக்கும் நடுவே குறைந்தது 1 இன்ச் இருக்க வேண்டும். அம்மா பேரன் தலைமேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். குலதெய்வத்துக்கு வேண்டிய மொட்டை ஊருக்குப் போகாததால் தள்ளிப்போய், சுருள்முடி கோபுரமாக நின்றது. “தொட்டுருச்சுப்பா!” முடி கணக்கில் சேராது என்றேன். “எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருக்க” என்று ஸ்கேலைத் தூக்கிப் போட்டாள்.

கடைசியில் நடந்ததும் அதுதான். பெரும்பாலான பிள்ளைகளைப் போலவே எங்களவனும் எடையை எட்டுவதற்கு முன்பே உயரத்தை எட்டிவிட்டான். 3 வயது தாண்டியிருந்தது. அம்மா மதுரையிலிருந்து வீடியோவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குமேல் ராகு காலம். எந்த ஊர் ராகு காலம் என்று கேட்டேன். “புள்ளை இருக்கிற ஊருதான், இதைக்கூடவா கேப்பாங்க?”

சீட்டைத் தூக்கியதும் அடியில் தெரிந்தது ஒரு தனி உலகம். முறுக்கின் ஒரு வளையம், கல்லாகிவிட்ட இட்லித் துண்டு, காணாமல் போனதாக நாங்கள் போலீசுக்குப் போகாத குறையாகத் தேடிய சாவி. துடைத்துவிட்டு ஆரம்பித்தோம். மனைவி மேனுவலை வாசிக்க வாசிக்க நான் செய்தேன். பின்னோக்கி இருக்கும்போது சீட்டின் பட்டைகள் தோளுக்குச் சமமாகவோ கீழேயோ உள்ள துளை வழியாக வர வேண்டும், முன்னோக்கினால் சமமாகவோ மேலேயோ. எல்லாவற்றையும் உருவி மறுபடி கோத்தேன். சீட்டில் முழங்காலை ஊன்றி பெல்ட்டை இழுத்தேன், பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 1 இன்ச்சுக்கு மேல் அசையக் கூடாது. பிறகு சீட்டின் தலைப்பக்கத்திலிருந்து பின்னால் கொக்கியில் மாட்டும் பட்டை. பலர் இதை மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள். தலை முன்னால் பாய்கிற தூரத்தைக் குறைப்பதே அதுதான், நான் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். நெஞ்சு கிளிப் அக்குள் மட்டத்துக்கு. காறையெலும்புக்கு மேல் பட்டையைக் கிள்ளினால் விரலில் மடிப்பு சிக்கக் கூடாது. “கிள்ளாத, அழப்போறான்” என்று மதுரையிலிருந்து குரல் வந்தது.

பையன் அழவில்லை. முன்கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். முதல் சிக்னல் வரை நிம்மதி.

“அப்பா, மஞ்சள்.”

“ஆமாடா கண்ணா, மஞ்சள்.”

“மஞ்சள்னா மெதுவாப் போகணும். டீச்சர் சொன்னாங்க. நீ ஏன் வேகமாப் போன?”

அடுத்த தெருவில் நின்றுதான் போக வேண்டிய பலகையில் நான் நிற்கிற மாதிரி பாவனை செய்து நகர்ந்தேன். அதற்கும் விளக்கம் கேட்டான். ஃபிரீவேயில் என்னைத் தாண்டிய ஒவ்வொரு காரையும் நிறம் சொல்லி அறிவித்தான். போன் மணி அடித்தது, என் கை டாஷ்போர்டுப் பக்கம் அரை அங்குலம் நகர்ந்திருக்கும். “அப்பா, போன் தொடாத!”

இதை மறுபடியும் பின்னோக்கித் திருப்ப வழியிருக்கிறதா என்று மனைவியைக் கேட்டேன். மேனுவலைத் திறக்காமலே சொன்னாள், இல்லையாம்.