சீசன்

எங்கள் வீட்டில் சீசன் என்றால் மூன்றுதான்: மாம்பழ சீசன், குற்றால சீசன், கல்யாண சீசன். போன சித்திரையில் ஒரு நாள் காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இந்த சீசனுக்கு மூணு ரேஸ் போலாம்னு இருக்கேன்" என்றேன். என் மனைவி சட்னிக் கரண்டியை நிறுத்தாமல், "யாருங்க ஓடறது?" என்று கேட்டாள். குதிரைப் பந்தயம் என்று நினைத்துவிட்டாள். பிற்பாடு கணக்குப் பார்த்தபோது குதிரையே மலிவாக முடிந்திருக்கும் என்று தோன்றியது.

எனக்கு வயது 47. கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்ன டாக்டர், "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். நடப்பதற்குச் செலவே இல்லை. அதனாலேயே எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை வரவில்லை. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முழங்கையில் பிளாஸ்திரியோடு வருவார். அந்தப் பிளாஸ்திரி மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மவுன்டன் பைக் வாங்கறேன்" என்று வீட்டில் அறிவித்ததில் ஒரு பிசகு நேர்ந்துவிட்டது. நம் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் போடுவது. மாப்பிள்ளை புது வண்டி எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, சக்கரத்தின் கீழே வைக்க எலுமிச்சம்பழமும் மேலே சுற்ற முல்லைச் சரமுமாக என் மாமியார் கோபியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு பணிவாக, "ஏனுங் மாப்ள, மிச்சமெல்லாம் எப்பங்க வரும்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வண்டியில் ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, பெல்லும் இல்லை. என் அப்பாவிடம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் ஒன்று இருந்தது. அதில் இவை அத்தனையும் இருந்தன, டைனமோ விளக்கும் சேர்த்து. முன் பாரில் நான், பின்னால் இரண்டு பால் கேன், ஒரு தடவை கேன்களுக்கு நடுவே ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அந்தச் சாமான்களையெல்லாம் கழற்றிக்கொண்டதற்காக என்னிடம் 62,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை வீணாக்கக் கூடாது என்று சக்கரத்தின் கீழ் வைத்தார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. தெருவே வேடிக்கை பார்த்தது. பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள். பெரியது ஏற்றத்துக்கு, சிறியது வேகத்துக்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது. இருப்பதிலேயே சிறியதில் வைத்து மிதித்தேன். மலையேறுவதற்கென்றே செய்த வண்டி எலுமிச்சம்பழத்தில் ஏறவில்லை. நான் மட்டும் பக்கவாட்டில் இறங்கினேன்.

பயிற்சிக்குக் குன்னூர் மலைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சுகமாகப் போகலாம். அதற்கப்புறம்தான் மலை. ஊட்டி மலை ரயில்கூடக் கல்லாறிலிருந்து தானாக ஏறாது. 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால், தண்டவாளத்துக்கு நடுவே பல்வரிசை ஒன்று போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்துத்தான் ஏறும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் போக அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ ஐந்து மணி. இந்தியாவிலேயே மெதுவான ரயில் என்று அதற்குப் பேர். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். முதலில் அதன் கூவல் எனக்குக் கீழே பள்ளத்திலிருந்து கேட்டது. தண்ணீர் குடித்தேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கொஞ்சம் உட்கார்ந்தேன். அடுத்த தடவை கூவல் கேட்டபோது எனக்கு மேலே இருந்தது.

அந்த மாதத்திலேயே இன்னொரு பாடமும் ஆயிற்று. எங்கள் பக்கத்து மண் பாதைகளில் பாதி மண், பாதி சீமைக் கருவேல முள். அதற்கு மருந்தாக டியூபை எடுத்துவிட்டு, டயருக்குள் ரப்பர் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். முள் குத்தினால் அது உள்ளிருந்தே ஓட்டையை அடைத்துவிடும். ஊற்றிய பிறகு டயர் விளிம்பில் போய் உட்காரும்படி காற்றை ஒரே மூச்சில் அடிக்க வேண்டும். வெளியே மழை, கூடத்தில் வைத்து அடித்தேன். டயர் உட்காரவில்லை, எழுந்தது. டிவி, நாள்காட்டி, என் மகளின் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு, சுவரில் மாட்டியிருந்த பழனியாண்டவர் எல்லோர் மேலும் வெள்ளையாக இறங்கியது. "பாலபிஷேகம் மாதிரி ஆயிருச்சு" என்று சமாளித்தேன். பால் என்றால் துடைத்தால் போய்விடும். இது காய்ந்து ரப்பராகிவிடும். முருகனின் இடது காதோரம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

அவரிடமே மன்னிப்புக் கேட்க வாய்ப்பு வந்தது. முதல் போட்டி, ஆடி மாதம், கோவையிலிருந்து பழனி போய்த் திரும்புகிற 200 கிலோமீட்டர். இதைப் போட்டி என்று சொன்னால் அந்த ஆட்களுக்குக் கோபம் வரும். இதற்குப் பெயர் பிரவே. பாரிஸில் உள்ள ஒரு சங்கம் வகுத்த விதிகள்தான் உலகம் முழுக்க: 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், யாரும் முதலில்லை, யாரும் கடைசியில்லை. கடைசியாக வருவதற்கென்றே பிறந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி தாண்டியதும் எனக்குள் ஒரு வீரன் விழித்துக்கொண்டான். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. உடுமலைப் பக்கம் காற்றாலைகளெல்லாம் என்னைப் பார்த்துக் கைதட்டுவதுபோலச் சுற்றின. இவ்வளவு நாள் என் திறமையைக் கணக்குப் புத்தகத்தில் புதைத்துவிட்டேனே என்று வருந்தினேன். பத்து மணிக்குப் பழனி. அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கினேன். பக்கத்து மேசைக்காரர் எனக்குக் கொடுத்தனுப்பிய சத்துக்கூழ் பொட்டலம் ஒன்று 120 ரூபாய்; வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சை கலந்த நம் கூழ் அதைவிட எத்தனையோ மேல், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. டப்பாவைத் திறந்து, பாதி தின்றுவிட்டு, மீதியை ஜெர்சியின் முதுகுப் பையில் வைத்தேன்.

வண்டியைக் கோவைப் பக்கம் திருப்பிய பிறகுதான் அந்தக் காற்றாலைகளை ஏன் அங்கே நட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று முழுக்க அந்தக் கதவு வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். காலையில் நான் ஓட்டவில்லை, காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழனியில் இறக்கியிருக்கிறது. இப்போது வட்டியோடு திரும்பக் கேட்டது. முதுகில் பஞ்சாமிர்தம் கசிந்து, எறும்புகள் வேறு ஏறிக்கொண்டன. அவை மட்டும் எதிர்காற்றே படாமல் கோவை வந்து சேர்ந்தன.

மாலை 6:21-க்கு முடித்தேன். ஒன்பது நிமிடம் மீதம். ஆனால் அன்றைய சேதம் அதற்கு முன்பே நடந்திருந்தது. வழியில் குறித்த இடங்களைத் தொட்டதற்குச் சாட்சி வேண்டும். டீக்கடை பில்லோ ஏடிஎம் சீட்டோ எதுவும் செல்லும். உடுமலையில் ஏடிஎம்மில் நூறு ரூபாய் எடுத்து, சீட்டைப் படம் பிடித்து, பெருமை தாங்காமல் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டுவிட்டேன். சீட்டில் ஊர், தேதி, நேரம் மட்டுமா இருக்கும்? மீதி இருப்பு 1,318 ரூபாய் என்றும் இருந்தது. தங்கச்சி மகள் சீருக்கென்று அந்தக் கணக்கில் 40,000 ரூபாய் வைத்திருப்பதாக வீட்டில் ஓர் ஐதீகம் நிலவிவந்தது. ஹெல்மெட், கையுறை, மெத்தை வைத்த கால்சட்டை என்று அதை "இதர செலவு" தலைப்பில் எழுதித் தீர்த்திருந்தேன். வீடு திரும்பியபோது என் மனைவி அழவில்லை, கத்தவில்லை. கணக்கு நோட்டை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து டயருக்குக்கூட விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது.

ஒரே ஆறுதல், முதலிடம் இல்லாத காரணத்தால் பிரவே முடிவுகளை அகர வரிசையில்தான் போடுவார்கள். என் பெயர் 'அ'வில் ஆரம்பிக்கிறது. பட்டியலை மாமியாருக்குக் காட்டினேன். "எங்க மாப்ளதான் மொதல்ல" என்று கோபி முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் இரண்டாவது போட்டி, நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள். நான்கு சுற்று. அங்கே பேசுகிறவர்கள் "சிங்கிள் டிராக், சிங்கிள் டிராக்" என்று கண்கள் மின்னச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் நம் ஒற்றையடிப் பாதை. சின்ன வயதில் அதில் பள்ளிக்கூடம் போனதற்கு யாரும் நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. காட்டு மாடு ஒன்று பாதையில் நின்றதால் போட்டி நாற்பது நிமிடம் தள்ளிப்போனது. அது இன்னும் கொஞ்ச நேரம் நிற்காதா என்று வேண்டிக்கொண்டவன் அங்கே நான் ஒருவன்தான்.

ஐப்பசி மழையில் செம்மண் வெண்ணெய். தேயிலைச் செடியை மேலிருந்து பார்த்தால் மேசை மாதிரி மட்டமாக, மெத்தென்று இருக்கும். விழுந்து பார்த்தால்தான் இலைக்குக் கீழே எத்தனை வருடத்துக் கட்டை இருக்கிறது என்பது விலா எலும்புக்குத் தெரியும். மூன்று இடத்தில் தெரிந்தது. இரண்டாவது சுற்றின் ஏற்றத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, குரலைத் தாழ்த்தி, "எறங்கித் தள்ளிக்கோ சாமி, யாரும் பாக்கல" என்றார். இந்த சீசனில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சியாளர் அவர். இறங்கித் தள்ளினேன். மெதுவாகப் போனதில் அட்டைகளுக்கு என்னைத் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைத்தது. கணுக்காலில் ஐந்து. எல்லைக்கோட்டுச் சர்க்கரை அவற்றுக்குப் பிடித்திருக்க வேண்டும். உப்புத் தூவும்வரை விடவில்லை.

முதலில் போனவன் ஒரு சுற்று முழுதாக அதிகம் போய் என்னைப் பிடித்துவிட்டால், என்னைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அது விதி. பிடித்தவனுக்கு வயது பதினேழு இருக்கும். "சாரி அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே தாண்டினான். முடிவுப் பட்டியலில் என் பெயருக்குப் பின்னால் டி.என்.எஃப். என்று மூன்று எழுத்து போட்டிருந்தார்கள். முடிக்கவில்லை என்று அர்த்தம். மாமியார் அதைப் படித்துவிட்டு, "படிப்பெல்லாம்கூடக் குடுக்கறாங்களாட்டங்குது" என்றார். நான் மறுக்கவில்லை.

தை மாதம் மூன்றாவது: காட்டுப் பாதை டிரையத்லான். நீந்தி, மண் பாதையில் சைக்கிள் மிதித்து, அப்புறம் ஓட வேண்டும். இந்த வம்பு 1996-ல் ஹவாயின் மாவி தீவில் ஆரம்பித்தது; எக்ஸ்டெரா என்ற பெயர் பிற்பாடு வந்தது. முழு அளவு என்பது ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 30 கிலோமீட்டர் மலைச் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். எனக்கு அதில் பாதி போதும் என்று அரைப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். உண்மையில் இந்த மூன்றையும் நான் பன்னிரண்டு வயதிலேயே ஒரே மத்தியானத்தில் செய்தவன். மாமன் தோட்டத்துக் கிணற்றில் குதித்து, அப்பாவின் ஹெர்குலிஸைக் கேட்காமல் எடுத்து, அப்பா துரத்தியபோது ஓடியிருக்கிறேன். அன்று முடிவில் வேப்பங்குச்சி கிடைத்தது. இங்கே பதக்கம் தருகிறார்களாம்.

நீச்சலில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். முதுகில் சுரைப்புரடை கட்டிக் கிணற்றில் தள்ளி, முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் கிணற்றில் நான்கு கை போட்டால் சுவர் வந்துவிடும். அதனால் வட்டமாக நீந்துவோம். குளத்தில் குதித்து, தலையைக் குனிந்து, உயிரைக் கொடுத்து நீந்தி நிமிர்ந்து பார்த்தால், புறப்பட்ட கரை. மறுபடி கிளம்பினேன். மறுபடி அதே கரை. பாதுகாப்புக்கு நின்ற பரிசல்காரர் கடைசியில் பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் துடுப்புப் போட்டு வந்து, "ஏனுங்ணா, போகோணுமா, இங்கயே குளிக்கோணுமா?" என்று கேட்டார். பிறகு அவருடைய பரிசலைப் பார்த்துக்கொண்டே நேராகப் போனேன். பரிசலும் வட்டமாகச் சுற்றுகிற சாதி என்பதால் அதுவும் அவ்வளவு நேரில்லை.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே உடை மாற்றுகிற நேரமும் போட்டிக் கணக்கில் சேரும். தேர்ந்தவர்கள் ஒரு நிமிடத்தில் தாவிப் போய்விடுவார்கள். நான் கரையேறியதும் கை பழக்கத்தில் துண்டைத் தேடியது. தலை துவட்டினேன். தை மாதக் குளிர், சளி பிடித்துவிடக் கூடாது. கால் விரலிடுக்கெல்லாம் ஈரம் ஒற்றினேன். நனைந்ததைப் பிழிந்து உதறி வேலியில் காயப்போட்டேன். குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு எப்படி? பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. கிழக்கே பார்த்து நின்று பூசிக்கொண்டு வண்டியை எடுத்தபோது, என் உடை மாற்றக் கணக்கு 11 நிமிடம் 40 விநாடி. நேரம் குறித்துக்கொண்டிருந்த பையன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான்.

சைக்கிளில் சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டினேன். ஓட்டத்தில் இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ இருந்தன. முடிவுக் கோட்டை நான் தாண்டும்போது ஷாமியானாவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தயிர்சாதம் தீர்ந்திருந்தது. பதக்கம் மட்டும் நிறைய மிச்சம் இருந்ததால், "வீட்ல பசங்க இருந்தாக் குடுங்க சார்" என்று இரண்டு கொடுத்தார்கள். ஒன்று மகளிடம் போயிற்று. இன்னொன்றை என் மனைவி பீரோ சாவியோடு கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெற்றியைப் பார்க்க மறுநாள் மாமியார் வந்தார். காபிக்குப் பால் இல்லை. தெருமுனைக் கடை முந்நூறு அடி. என் மனைவி பையைக் கையில் கொடுத்தாள். நான் எக்ஸ்.எல். மொபெட்டை உதைத்துக் கிளப்பினேன்.

"ஏனுங் மாப்ள, அத்தன வெல குடுத்த வண்டி கூடத்துல நிக்குது, அதுலயே போயிட்டு வரலாமுங்களே?"

"அதுல பைய மாட்ட எடமில்லீங்க அத்தை" என்றேன். "நிறுத்த ஸ்டாண்டும் இல்லீங்க. அதுவுமில்லாம, இன்னிக்கு ரெஸ்ட் டே."