முந்திரிக்கொட்டை

முந்திரியில் முதலில் தலைநீட்டுவது கொட்டை. பழம் அதற்கப்புறம் நிதானமாகத்தான் திரளும். கடைக்குப் புதுச் சாமான் வந்த அன்றே வாங்கிவிடுகிற ஆசாமிகளுக்கு அமெரிக்க வியாபாரிகள் என்னென்னவோ மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனையோ தலைமுறையாக ஒரே பெயர்தான்.

நான் பார்த்ததில் முதல் தரமான கொட்டை, நியூஜெர்சியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த அண்ணன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். புளியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிற குடும்பம். கத்தரிக்காய் என்றால் அண்ணனும் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வயரும் பிளக்கும் இருந்துவிட்டால் மட்டும் அந்தப் பரம்பரைப் புத்தி எங்கோ போய்விடும். ஒரு வருஷம் பொறுத்தால் விலை பாதியாகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் வாங்குவார்.

2006 ஏப்ரலில் எச்டி டிவிடி பிளேயர் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை 499 டாலர். அன்று சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார்: "தம்பி, உடனே வா. கண்ணாடி மாதிரி இருக்கு."

போனேன். பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பிளேயர் என்று பெயரே தவிர, உள்ளே இருந்தது பென்டியம் 4 போட்ட ஒரு கம்ப்யூட்டர். அது கண்விழித்து, சோம்பல் முறித்து, டிஸ்க்கை எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். அண்ணி காபியை ஆற்றி, டபராவோடு கொண்டுவந்து வைத்தார். படம் இன்னும் வரவில்லை. வந்ததும், பொய் சொல்லக்கூடாது, பிரமாதம்தான். ஆனால் பார்க்க விட்டால்தானே! கதாநாயகன் முகத்தில் நிறுத்திவிட்டு, "தாடியில ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுதா?" என்பார். தெரிகிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த காட்சி. அந்த வீட்டில் இருபது படத்துக்குக் குறையாமல் தாடி எண்ணியிருக்கிறேன். ஒன்றின் முடிவாவது தெரியுமா என்றால் தெரியாது.

ஜூன் மாதம் போட்டிக்குப் புளூ-ரே வந்தது. பிளேயர் 1000 டாலருக்கு ஒரே ஒரு டாலர் குறைவு. இரண்டு கட்சிக்கும் ஒரே 405 நானோமீட்டர் லேசர்தான். ஆனால் ஓர் அடுக்கில் எச்டி டிவிடி 15 ஜிபி கொள்ளும், புளூ-ரே 25 கொள்ளும். இதன் டிஸ்க் அதில் ஓடாது. சினிமாக் கம்பெனிகள் பங்காளிச் சண்டைபோல் பிரிந்து நின்றன. யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் புளூ-ரே பக்கம். வார்னர் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டது. பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் 'இனி எச்டி டிவிடி மட்டும்' என்று சாய்ந்தபோது அண்ணன் தெருவுக்கே கேசரி கொடுத்தார். எக்ஸ்பாக்ஸுக்கென்று 199 டாலருக்கு ஒரு எச்டி டிவிடி டிரைவ் விற்றார்கள். கூடவே கிங்காங் படம் இனாம். அதையும் வாங்கினார். அவரிடம் எக்ஸ்பாக்ஸ் கிடையாது.

அந்த நவம்பரில் அடுத்த மாடல் பிளேயரை வால்மார்ட்டில் 98.87 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். நாமாக இருந்தால் ஒரு வாரம் சோறு இறங்காது. அண்ணன் போய் வரிசையில் நின்று இன்னொன்று வாங்கி வந்தார், படுக்கையறைக்கு. "சராசரி போட்டுப் பாரு தம்பி, ஒண்ணு முந்நூறுகூட ஆகலை." கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

2008 ஜனவரி 4-ஆம் தேதி, வார்னர் இனி புளூ-ரேக்கு மட்டும்தான் படம் கொடுப்பேன் என்றது. பிப்ரவரி 19-ஆம் தேதி, அண்ணனின் பிளேயர்களைத் தயாரித்த தோஷிபா எச்டி டிவிடியையே மூடிவிடுவதாக அறிவித்தது. துக்கம் கேட்கப் போனேன். அண்ணன் சிவப்பு உறை போட்ட எச்டி டிவிடி டிஸ்க்குகளை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தள்ளுபடியில் அள்ளி வந்த இன்னொரு அட்டைப்பெட்டி பக்கத்தில். "செத்த மாட்டுக்கு வைக்கோல் வாங்கி அடுக்குறார்" என்றார் அண்ணி. அண்ணன் நிமிரவே இல்லை. "சாதா டிவிடியை இது எவ்வளவு அழகா காட்டுது தெரியுமா?" என்றார். அதாவது, அமெரிக்காவிலேயே விலையுயர்ந்த டிவிடி பிளேயர்களில் இரண்டு அவர் வீட்டில் இருந்தன.

ஜெயித்த கட்சியிலும் ஒரு கால் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, அண்ணிக்குத் தெரியாமல், முதல் புளூ-ரே பிளேயரையும் வாங்கி பேஸ்மென்டில் வைத்திருந்தார். அதிலும் விதி விடவில்லை. 2007 நவம்பருக்குப் பின் வரும் புது மாடல்களில் படத்துக்குள் சின்னப் படம் காட்டும் வசதி கட்டாயம் என்றார்கள், அதற்குப் பெயர் 'புரொஃபைல் 1.1'. அடுத்து, இணையத்தைப் பிடிக்கும் 2.0. அண்ணனுடைய பெட்டியில் இணையக் கேபிள் செருக ஓட்டையே கிடையாது. அப்டேட் அனுப்பி ஓட்டை போட முடியுமா? தோற்றுப்போன எச்டி டிவிடியில் இந்த இரண்டும் முதல் நாளிலிருந்தே இருந்தன. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். அந்த வீட்டில் எல்லா மாற்றத்துக்கும் ஈடுகொடுத்தது, பையன் விளையாட வாங்கிய, புளூ-ரேயும் ஓட்டும் பிஎஸ்3 ஒன்றுதான். 2008 மார்ச்சில் ஓர் அப்டேட்டில் அதுவாகவே 2.0 ஆகிவிட்டது. அண்ணன் படம் பார்க்க வேண்டுமானால் பையனின் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் 3டி, 4கே எல்லாம் வந்தன. என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை குறைவு. 2012-இல் நான் வாங்கிய புளூ-ரே பிளேயர், அவர் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதில் தாடி முடி தனித்தனியாகத் தெரிந்தது.

அந்த முதல் எச்டி டிவிடி பெட்டி இன்னும் பேஸ்மென்டில் ஓடுகிறது. காபி ஆறும் நேரத்தில் படம் வந்துவிடும். ஆகவே, உங்கள் வீட்டுப் பரணில் சிவப்பு உறை டிஸ்க் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார், தபால் செலவு அவருடையது. கிங்காங் மட்டும் வேண்டாம். மூன்று வைத்திருக்கிறார்.