முக்காலியின் முதன்மை: சிம்மக்கல் மொட்டைமாடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பிள்ளைக்கு வாங்கும் முதல் டெலஸ்கோப் குறித்து நம் வீடுகளில் நிலவிவரும் சித்தாந்தம் ஒன்றே: பெட்டிமேல் அச்சிட்ட எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு உசத்தி. '525 மடங்கு' என்று தாய்மாமன் உரக்க வாசித்ததும் விவாதம் முடிந்து பில் போடப்படுகிறது. வில்லையைவிடக் காலே பெரிது என்பதைச் மதுரைச் சிம்மக்கல் மாடிகளை ஆதாரமாக வைத்து நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். முதலில் கணக்கு. முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அந்த எண்ணின் இரட்டிப்புக்கு மேல் உருவத்தைப் பெருக்கினால் மங்கல்தான் பெருகும். 60 மில்லிமீட்டர் குழாய்க்கு உச்சவரம்பு 120. மீதி 405 மடங்கும் அட்டைப்பெட்டிக்கே சொந்தம். 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைக் கண்ட கலிலியோவிடம் இருந்தது ஏறத்தாழ 20 மடங்குக் கருவி. வில்லையை அவரே தேய்த்துச் செய்துகொண்டதால் பெட்டி இல்லை. பெட்டி இல்லாததால் 525-ம் இல்லை.

அடுத்தது கூட்டுக்குடும்ப விதி. பூமி சுழல்வதால், 100 மடங்கில் வியாழன் சுமார் இரண்டே நிமிடத்தில் பார்வையைவிட்டு நழுவும். 500 மடங்கில் அரை நிமிடம்கூட நிற்காது. வரிசையில் முதல் ஆள் வாங்கிக்கொடுத்த மாமா. அடுத்து தாத்தா, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஒண்ணும் தெரியலையேப்பா" என்பதற்குள் கிரகம் போய்விட்டிருக்கும். யாருக்காக வாங்கினோமோ அந்தப் பிள்ளையின் முறை கடைசியில் வரும்போது, கை பட்டதும் ஈர்க்குச்சி போன்ற அலுமினியக் கால் ஆடுகிறது. அந்த ஆட்டத்தையும் குழாய் விசுவாசமாக அதே மடங்குக்குப் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே 40 மடங்கு, அகன்ற காட்சி, அசையாத கால். சனியின் வளையத்துக்கு அதுவே போதும்.

துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைத் திருப்பும் ஸ்டாண்டே விஞ்ஞானபூர்வமானது என்பார் உளர். லண்டனில் சரி. மதுரையின் அட்சரேகை ஏறக்குறைய 10 டிகிரி. துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் அவ்வளவுதான். வைகைக்கு அக்கரையில் கோரிப்பாளையம் பக்கம் அதைத் தேடினால் கிடைப்பது அடுத்த வீட்டுத் தண்ணீர் டேங்க். நகர வெளிச்சத்தைச் சொல்வோருக்கு: மங்கிய நெபுலாக்கள் கிடைக்காதுதான், ஆனால் நிலாவும் வியாழனும் சனியும் தெருவிளக்குக்கு அஞ்சுவன அல்ல. உண்மையான எதிரி வெக்கை. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவில் சூட்டைக் கக்க, படம் நெளியும். தூங்குவதற்காகத் தளத்தில் தண்ணீர் தெளிக்கத் தெரிந்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

முடிபு: ஜான் டாப்சன் ப்ளைவுட்டில் செய்து சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் போவோர் வருவோருக்கெல்லாம் வானம் காட்டினாரே, அந்தப் பெட்டிக்கால் வகை. அதில் மேஜைமேல் வைக்கிற சிறியது, 100 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆடியோடு. மேஜை தேடவேண்டாம், மாடியில் துவைக்கிற கல் இருக்கிறது, பிள்ளையின் கண்ணுக்கு உயரமும் சரி. பெட்டிக்குள் கண்வில்லையில் திருகுகிற கறுப்புச் சூரியக் கண்ணாடி இருந்தால் மட்டும் அன்றே குப்பையில் போடுங்கள்: சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனைக் கவனிக்கக் கொடைக்கானலில் 1899-லிருந்தே ஆய்வகம் இருக்கிறது.